தீர்மானம் எண் ஆறு

தீர்மானம் எண் ஆறை நான் எழுதி முடித்தபோது மதியம் மணி மூன்று. அதை நிறைவேற்ற வேண்டிய கிராம சபை கூடுவதற்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஈச்சங்களம் ஊராட்சிக்குச் செயலராக வந்த பதினாறு வருடங்களில் ஒரு தீர்மானத்தைக்கூட நான் சபை முடிந்தபிறகு எழுதியதில்லை. கூட்டம் முடிந்த மறுநிமிடம் ஜனம் கலைந்துவிடும். அன்று மாலையே நகல் கேட்டு ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன் வரும். அப்புறம் யார் உட்கார்ந்து எழுதுவது? அதனால் முந்தின நாளே நீல மையில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று முடித்துவிடுவேன். மணிமாறன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று எனக்கு ஊரில் பெயர். யாரும் ஒருநாளும் எதிர்த்ததில்லை. எதிர்ப்பவர்களுக்கென்று அந்தப் புத்தகத்தில் நான் இடம் விட்டதும் இல்லை.

இந்த முறை மட்டும் எழுதும்போது கொஞ்சம் பயபக்தியாக இருந்தது. எங்கள் சபையைப் பார்க்க ஒரு குளிர் தேசத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஐந்து பேர் வருகிறார்கள். அவர்களுக்குத் தலைமை அந்த நாட்டுச் சபாநாயகர் அம்மாவே. தில்லியில் நம் பாராளுமன்றத்தை மாடத்தில் உட்கார்ந்து பார்த்தார்களாம். சென்னையில் சட்டசபையைப் பார்த்தார்களாம். இந்த இரண்டுக்கும் கீழே ஊர் ஊருக்கு ஒரு சபை இருக்கிறதாமே, ஓட்டுப் போட்டவர்களே உறுப்பினர்களாக உட்காரும் சபை, அதையும் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவோம் என்று சொல்லிவிட்டார்கள். நாட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் ஒன்றியத்தின் வளர்ச்சி அலுவலர், அதாவது பிடிஓ, இதைப் படித்துவிட்டால் எனக்குத்தான் வம்பு.

பிடிஓ ஆனந்த்ராஜ் சார் நல்ல மனிதர்தான். மேலிடத்திலிருந்து போன் வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். பதினைந்து நாளில் ஏழு முறை ஊருக்கு வந்தார். பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளை அடித்தோம். தெருமுனையில் வேடசந்தூர் பந்தல்காரர் முத்துச்சாமியைக் கூப்பிட்டு வரவேற்பு வளைவு கட்டினோம். அதன் உச்சியில் விருந்தாளிகளின் முகங்களைப் போட்டு ஒரு பிளக்ஸ். பிளக்ஸ் அடித்த பையன் எங்கே தேடி எடுத்தானோ, அதில் ஆறு முகங்கள் இருந்தன. வருகிறவர்கள் ஐந்து பேர். ஆறாவது ஆள் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார், அதனால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அப்புறம் இரண்டு நாள் ஒத்திகை. யார் எழுந்து என்ன கேட்க வேண்டும், தலைவர் பாண்டிச்செல்வி அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பிடிஓ சீட்டு எழுதிக் கொடுத்தார். பாண்டிச்செல்விக்கு முப்பத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. கணிதம் படித்தவர். சீட்டை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிட்டார்.

“கோரிக்கை எதுவும் வேணாம்” என்று பிடிஓ தெளிவாகச் சொல்லிவிட்டார். “நாளைக்கு ஒரு நாள் பாராட்டு மட்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கையில ஓட்டைக் கூரையக் காட்டிப் புலம்புவோமா?”

நான் மை காய ஊதிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் அக்கா உள்ளே வந்தார். ஐம்பத்தாறு வயது. ஊருக்கு மேற்கே நாற்பது சென்ட்டில் சம்பங்கி போட்டிருக்கிறார். விடிவதற்குள் மொட்டாகப் பறித்து மூட்டை கட்டி, தலையில் வைத்து இரண்டு கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டில் பஸ் பிடித்தால்தான் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மொட்டாகவே இறக்கலாம். நான்கு வருடத்துக்கு முன்பு வரை டவுன் பஸ் ஊருக்குள்ளேயே வந்து திரும்பும். ஒரு மழையில் ஓடைப்பாலம் உடைந்தது, பஸ் நின்றது. பாலத்தைக் கட்டி இரண்டு வருடமாகிறது. பஸ்தான் வரவில்லை. காகிதத்தில் பாலம் இன்னும் உடைந்தே கிடக்கிறது போலிருக்கிறது. அக்காவுக்காக இதுவரை பதினோரு மனு எழுதியிருக்கிறேன். பதினொன்றுக்கும் பதில் இல்லை.

“தம்பி, இன்னொன்னு எழுதணும். நாளைக்கு வாரவுக கையில குடுக்க.”

“அவுக வெளிநாட்டுக்காரவுகக்கா. அவுக ஊர் பஸ்ஸையா இங்க விடப் போறாக?”

அக்கா சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, தலைச்சுமையை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் அருண்பாண்டி திருப்பூரில் இருக்கிறான். சித்திரைக்குள் பஸ் வராவிட்டால் சம்பங்கியை அழித்துவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்தான். தாய் மேல் பாசமான பையன்தான், அவனைக் குறை சொல்ல முடியாது. “அங்க போயி என்ன செய்வேன் தம்பி? ஒத்த ரூமுல டிவியப் பாத்துக்கிட்டு ஒக்காரவா? எனக்கு ஒரு நாள் பூவத் தொடலன்னா கை என் கையாவே இருக்காது” என்றார். அப்போது மாசி மாதம். சித்திரைக்கு இன்னும் ஒன்றரை மாதம்கூட இல்லை. எனக்கு மனசுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. என்ன எழுதுகிறாய் என்று அவர் கேட்டதும், பேச்சு மாறினால் போதும் என்று, கையெழுத்துக் கர்வத்தில் ஆறாவது தீர்மானத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டேன். அரசுப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயண வசதி அளித்து ஈச்சங்களம் மகளிரின் வாழ்வை உயர்த்தியமைக்கு இச்சபை தனது நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது. படித்து முடிக்கும்போதுதான் யாரிடம் படிக்கிறேன் என்று உறைத்தது.

அக்கா புத்தகத்தை எட்டிப் பார்த்தார். “அழகா எழுதியிருக்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மனு எழுதச் சொல்லவில்லை.

மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு நான்கு கார்கள் வந்தன. ஆறடி உயரத்தில், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய அறுபது வயது அம்மாள் ஒருவர் முதல் காரிலிருந்து இறங்கினார். அவர்தான் சபாநாயகர். வளைவைப் பார்த்தார், ஆறாவது முகத்தைப் பார்த்தார், தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து என்னவோ கேட்டார். ஐவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மொழிபெயர்க்க வந்திருந்த ஃபாரிஸ் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர். “அந்த ஆளு யாருன்னு அவங்களுக்கும் தெரியலையாம் சார்” என்று என் காதில் சொன்னார். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். பாண்டிச்செல்வி சால்வை போர்த்த எம்ப, அந்த அம்மாள் வசதியாகக் குனிந்துகொண்டார்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் சபை. மரத்தின் நிழல் பாதி இடத்துக்குத்தான் இருக்கும். மீதி இடம் அடிபம்பு வரைக்கும் சுள்ளென்ற வெயில். அதனால் எல்லோரும் நிழலிலேயே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று முதல் ஐந்து வரை தீர்மானங்கள் ஒத்திகை பார்த்தபடியே ஓடின. பாண்டிச்செல்வி வாசித்தார், ஜனம் கைதட்டியது, நிறைவேறியது. பிடிஓ முகத்தில் சந்தோஷம் நிறைந்து வழிந்தது. அப்போது சபாநாயகர் அம்மாள் ஃபாரிஸிடம் மெல்ல ஒன்று கேட்டார். ஃபாரிஸ் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“அம்மாவுக்கு ஒரு சந்தேகமாம். பத்து நிமிஷத்துல அஞ்சு தீர்மானம் முடிஞ்சிருச்சு. அவங்க சபையில ஒரே ஒரு பாலத்துக்கு பதினோரு மாசம் சண்ட போட்டாங்களாம். இங்க எதிர்க்கிறவங்க எப்பப் பேசுவாங்கன்னு கேக்குறாங்க.”

“எங்க ஜனங்க ரொம்ப ஒற்றுமைன்னு சொல்லுங்க தம்பி” என்றார் பிடிஓ அவசரமாக.

பாண்டிச்செல்வி ஆறாவது தீர்மானத்தை வாசித்தார். வாசித்துவிட்டு, விருந்தாளி கேட்டாரே என்ற மரியாதைக்காகத்தான் இருக்க வேண்டும், சீட்டில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார். “யாராச்சும் எதிர்க்கிறீங்களா?” சபை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கியபோது நடுவில் ஒரு கை உயர்ந்திருந்தது. பூ நாரின் தழும்பு விழுந்த கை. யாருடையது என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

பேச்சியம்மாள் அக்கா எழுந்து நிற்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. “நான் எதிர்க்கிறேன் தாயி” என்றார். “பொம்பளைகளுக்கு டிக்கெட்டு இல்லன்னாக, ரொம்ப சந்தோசம். எங்களுக்கு பஸ்ஸே இல்ல. வராத பஸ்ஸுல ஓசியாப் போனா என்ன, காசு குடுத்துப் போனா என்ன? டிப்போவுல போயிக் கேட்டா பாலம் தாங்காதுன்னு சொல்றாக. மில்லு பஸ்ஸு அதே பாலத்துல தெனமும் மூணு தடவ போகுது, வருது. அது என்ன றெக்கை கட்டிக்கிட்டா பறக்குது? பஸ்ஸு வரட்டும், அன்னைக்கு நான் முன்னால நின்னு நன்றி சொல்றேன். இன்னைக்குச் சொன்னா அது பொய்யி. வந்தவுக முன்னால நம்ம சபை பொய் சொல்லக் கூடாது.”

ஃபாரிஸ் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். “சுருக்கமாச் சொல்லுங்க தம்பி” என்று பிடிஓ பல்லைக் கடித்தார்.

“அவங்க பேசுனதே சுருக்கந்தான் சார்” என்று சொல்லிவிட்டு ஃபாரிஸ் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். றெக்கை வந்த இடத்தில் இரண்டு கைகளையும் விரித்து ஆட்டியும் காட்டினார். விருந்தாளிகள் ஐந்து பேரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்கள்.

பாண்டிச்செல்வி என்னைப் பார்த்தார். இப்படியொரு நிலைமை ஒத்திகையில் வரவில்லை. “கையத் தூக்கச் சொல்லி எண்ணுங்கம்மா, அதான் சட்டம்” என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். பாதிப் பேர் தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் என்றார். அதே ஆட்கள் மறுபடியும் தூக்கினார்கள். சிலர் கோயிலில் நிற்கிற பழக்கத்தில் இரண்டு கைகளையும் தூக்கினார்கள். பி.எஸ்ஸி. கணிதம் மூன்று தடவை எண்ணியது, மூன்று தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது. சபாநாயகர் அம்மாள் தயங்கித் தயங்கி ஃபாரிஸிடம் ஏதோ சொன்னார். அவர்கள் சபையில் குழப்பம் வந்தால் கையை எண்ண மாட்டார்களாம், ஆட்களையே இரண்டு பக்கமாகப் பிரித்து நிற்கவைத்து எண்ணுவார்களாம். பாண்டிச்செல்விக்கு உயிர் வந்தது. “ஆதரிக்கிறவுக மரத்தடியிலேயே இருங்க. எதிர்க்கிறவுக அடிபம்புப் பக்கம் போயி நில்லுங்க” என்றார்.

பிடிஓ நிம்மதியாக மூச்சு விட்டதை நான் பார்த்தேன். மாசி வெயில், மணி பதினொன்று. நிழலை விட்டு எவர் எழுந்து போவார்?

அக்கா நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இருபது அடி தூரத்தை இரண்டு கிலோமீட்டர் போல நடந்து அடிபம்பைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். அப்புறம் பக்கத்து வீட்டு மாலதி எழுந்தாள், மில் வேலைக்குப் போகிற பெண். “ஏத்தே, நில்லுங்க, நானும் வாரேன்” என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் நான்கு பேர், பிறகு ஒரு கும்பல். டீக்கடை வீரப்பன் குடையை விரித்து அக்காவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் இடம் மாறிய பிறகு வேப்பமரத்தடி ஏறக்குறைய காலியாக, ஜிலுஜிலுவென்று, கல்யாணம் முடிந்த மண்டபமாகக் கிடந்தது. பாண்டிச்செல்வி எண்ணினார். வெயிலில் அறுபத்தாறு. நிழலில் பதின்மூன்று.

“தீர்மானம் தோற்றது” என்று அறிவித்தார். சொல்லிவிட்டு அவரே கைதட்டிவிட்டார், பாவம்.

அடுத்து நடந்ததுதான் என் கதை. சபாநாயகர் அம்மாள் நேராக என் மேஜைக்கு வந்து, இந்த முடிவை எப்படிப் பதிவு செய்கிறீர்கள் என்று பார்க்க ஆசைப்பட்டார். புத்தகம் விரிந்தபடியே இருந்தது. ஃபாரிஸ் ஆறாவது தீர்மானத்தின் கீழே பார்த்தார். ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.’ மை காய்ந்து ஒரு நாளாகிவிட்ட, அச்சு மாதிரியான என் கையெழுத்து. ஃபாரிஸ் என்னைப் பார்த்தார். பிடிஓவும் பார்த்தார், கண்ணாலேயே புத்தகத்தை மூடு என்றார். மூடியிருக்கலாம். ஃபாரிஸும் நல்ல பையன், ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். ஆனால் அடிபம்பு பக்கத்திலிருந்து அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை எடுத்தேன். பதினாறு வருடத்தில் முதல் முறையாக என் கையெழுத்தின் மேலேயே ஒரு கோடு இழுத்தேன். இடம் விட்டிராததால் ஓரத்தில் நெருக்கிக்கொண்டுதான் எழுத முடிந்தது. ‘ஆதரவு 13, எதிர்ப்பு 66. தீர்மானம் தோற்றது.’ கீழே சுருக்கொப்பம் வைத்தேன். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அடித்த கோடு எந்த மொழியிலும் அடித்த கோடுதானே. என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். ஃபாரிஸும் சிரித்துக்கொண்டே சொன்னார், “அவங்க சபையில முப்பது வருஷமா ஒரு எழுத்தர் இருந்தாராம் சார். அவரும் முதல் நாளே எழுதி வச்சிருவாராம். ஆனா பென்சில்ல எழுதுவாராம்.”

அந்த அம்மாள் தன் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து என் கையில் வைத்தார். கருப்புப் பென்சில், அதில் அவர்கள் பாராளுமன்றக் கட்டடம் தங்க நிறத்தில் சின்னதாக அச்சாகியிருந்தது.

கார்கள் போனபிறகு பிடிஓ என்னைப் பேசியதையெல்லாம் இங்கே எழுதினால் பக்கம் தாங்காது. சபையில் நடந்தது நடந்தபடி நகல் மேலே போக வேண்டும் என்பது விதி. அனுப்பினேன். மூன்று வருடத்தில் பதினோரு மனுக்கள் போயின, ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு பைல் இருந்தது, பைலுக்குள் போய் அவை நிம்மதியாகத் தூங்கின. ஒரு ஊர் நன்றி சொல்ல மறுத்து ஓட்டுப் போட்ட காகிதத்தை எந்த பைலில் போடுவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. மேஜை மேஜையாக அலைந்திருக்கிறது. அலைந்தால் நாலு பேர் படிப்பார்கள். பதினேழாம் நாள் பகல் பதினோரு மணிக்கு, ஒரு தகவலும் சொல்லாமல், முகப்பில் பிங்க் பெயின்ட் அடித்த டவுன் பஸ் ஒன்று ஓடைப்பாலத்தைத் தாண்டி வந்து ஊர் முனையில் நின்று ஹாரன் அடித்தது.

உள்ளே வர முடியவில்லை. முத்துச்சாமி வந்து பிரித்துக்கொண்டு போகாததால் வரவேற்பு வளைவு அப்படியே நின்றிருந்தது. கார்களுக்காகக் கட்டியது, பஸ் உயரத்துக்குப் பத்தவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த போக்குவரத்துக் கழக அதிகாரி வளைவை அளந்து பார்த்த டேப்பைச் சுருட்டிக்கொண்டு, “வழி அடைச்சிருக்குன்னு எழுதிட்டுப் போயிருவோம்” என்றார். நல்லவேளை, அதற்குள் வீரப்பன் டீக்கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். ஊரில் ஆட்டோ ஓட்டும் மதன்குமார் வண்டியிலிருந்து குதித்தான். கயிறுகளை அறுத்து, காலாக நட்டிருந்த சவுக்குக் கட்டைகளைப் பிடுங்கி, இருபது பேர் சேர்ந்து வளைவை அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். அன்று நிழலில் நின்ற பதின்மூன்று பேரில் ஒன்பது பேர் அதில் இருந்ததை நானே எண்ணினேன். பஸ் மெதுவாக அடியில் நுழைந்து வந்து, பள்ளிக்கூட மைதானத்தில் வட்டமடித்துத் திரும்பியது.

ஹாரன் சத்தம் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கிறது. பேச்சியம்மாள் அக்கா ஈரக் கையோடு, பூப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்.

“அம்மா, இது சோதனை ஓட்டம். ஆள் ஏத்தக் கூடாது, எறங்குங்க” என்றார் அதிகாரி.

“நானும் சோதிக்கத்தான் ஏறியிருக்கேன். நீங்க பாலத்தச் சோதிங்க, நான் சீட்டச் சோதிக்கிறேன்.” கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அக்கா அவர் பக்கம் கையை நீட்டினார். “அப்பு, எனக்கு டிக்கெட்டக் குடு. ஓசி டிக்கெட்டுன்னாலும் தாளு தாளுதான?”

அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டு டிரைவரைப் பார்த்துத் தலையாட்டினார். பஸ் கிளம்பியது. அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நான் சொன்னேன்ல, முன்னால நின்னு நன்றி சொல்றேன்னு. எழுதி வச்சிரு!”

“எழுதுறேங்க்கா. பென்சில்ல!”

அவர் சிரித்த சிரிப்பு பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வளைவு மறுபடியும் உயர்ந்தது, பஸ் அதன் அடியில் நுழைந்து வெளியேறியது. யாரென்றே தெரியாத அந்த ஆறாவது வெள்ளைக்காரர் பஸ்ஸின் கூரையைப் பார்த்து நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பஸ் பாலத்தில் ஏறியபோதும் அக்காவின் குரல் காற்றில் வந்தது. நாளைக்கு எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்கு, என்று அதிகாரியிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்ன பதில் சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

“எறக்கிருங்கப்பா, கை வலிக்கப் போகுது” என்றேன்.

“செத்த நேரம் இருங்க சார்” என்றார் வீரப்பன், பாலத்தைப் பார்த்தபடியே. “அக்கா என்னமோ கேக்குது. என்ன சொல்றாங்கன்னு பாத்துக்கிருவோம்.”

நான் வளைவின் நிழலிலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்த தீர்மானப் புத்தகத்தை முழங்காலில் விரித்தேன். கருப்புப் பென்சிலால் எழுதினேன். ஈச்சங்களத்திற்குள் தினமும் காலை ... மணிக்குப் பேருந்து வந்து செல்வதற்கு இச்சபை தனது நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது. நேரத்துக்கு மட்டும் இடம் விட்டேன். தலைக்கு மேலே இருபது பேரும் தூக்கிய கைகளை இறக்காமல் நிற்க, அவர்களின் நிழல் அந்த வெற்றிடத்தின் மேல் விழுந்து லேசாக ஆடிக்கொண்டிருந்தது.